உருகிய உப்பில் வெப்பம் செல்லும் வழி

உட்லண்ட்ஸ் நகரத்துக்குச் சற்றுக் கிழக்கே, ஜொகூர் நீரிணையை ஒட்டி, செனோக்கோ மின்நிலையம் இயங்கி வருகிறது. மலேசியாவிலிருந்து குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு 1992ஆம் ஆண்டு முதல் அங்கே எரிகிறது. எரிந்த வாயு முதலில் ஒரு சுழலியைச் சுழற்றும். வெளியேறும் வாயுவின் மிச்ச வெப்பத்தை நீர் வாங்கிக்கொண்டு, ஆவியாகி, மற்றொரு சுழலியைச் சுழற்றும். நம் வீடுகளில் விளக்கெரிவதும், இவ்வட்டாரத்துக் குறைகடத்தி ஆலைகள் இரவும் பகலும் ஓடுவதும் பெரும்பாலும் எரிவாயுவின் தயவால்தான். சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இன்றும் அதிலிருந்தே கிடைக்கிறது.

இந்த ஏற்பாட்டில் நீர் என்னும் பொருளைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை. நீராவிப் பொறிகளின் காலந்தொட்டே அதனை அளந்து வந்திருக்கிறோம். எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில், எவ்வளவு வெப்பத்தை அது ஏற்கும் என்று அறிய விரும்பும் பொறியாளர், அச்சிட்ட அட்டவணையைத் திறந்தால் போதும். ஆனால் நீருக்குப் பதிலாக உருகிய உப்பைச் சுமைதாங்கியாகக் கொள்ளும் அணுவுலைகளில் நிலைமை வேறு. அங்கே ஒரு காலத்தில் அட்டவணையே தவறாக இருந்தது. அதனைச் சோதனைகள் எவ்வாறு கண்டுபிடித்தன, இன்னும் எவற்றைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சிங்கப்பூரர்களாகிய நமக்கு இதில் என்ன அக்கறை என்ற வினா எழலாம். அன்றிருந்த அணுவுலைத் தொழில்நுட்பங்கள் இச்சிறு தீவுக்குப் பொருந்தமாட்டா என்று 2012ஆம் ஆண்டின் முன்னாய்வு கூறியது. அதன்பின் சிறிய அளவிலான புதுவகை உலைகளைப் பற்றிய பேச்சு வலுத்தது. 2024இல் அமெரிக்காவுடன் அமைதிவழி அணுசக்தி ஒத்துழைப்பு உடன்பாடு கையெழுத்தாயிற்று. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2014இல் ஒரு முயற்சியாகத் தொடங்கிய அணுசக்தி ஆய்வு, பாதுகாப்பு அமைப்பு, 2025இல் தனிக் கழகமாக உயர்ந்தது. அணுமின்சாரம் வேண்டுமா, வேண்டாவா என்னும் முடிவை நாடு இன்னும் எடுக்கவில்லை. முடிவு எடுக்கும் நாளில், பிறர் வரைந்த உலையின் கோப்பு நம் மேசைமேல் இருக்கும். அக்கோப்பிலுள்ள எண்களைச் சோதித்துப் பார்க்கும் கண் நமக்கு வேண்டுமல்லவா?

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். வெப்பம் மூன்று வழிகளில் இடம்பெயர்கிறது. துகளிலிருந்து அடுத்த துகளுக்குக் கைமாறுவது வெப்பக்கடத்தல். பாய்மம் தானே நகர்ந்து வெப்பத்தைச் சுமந்து செல்வது வெப்பச்சலனம். ஒளியைப்போல் இடைவெளியைத் தாண்டிச் செல்வது வெப்பக்கதிர்வீச்சு. இவற்றுள் நடுவிலுள்ள சொல்லைத் தமிழ்நாட்டு வானிலை அறிக்கை கேட்டவர்கள் அனைவரும் அறிவர். ‘வெப்பச்சலனம் காரணமாக மாலையில் மழை பெய்யக்கூடும்’ என்று கோடைதோறும் வானொலி சொல்லிவருகிறது. கலைச்சொல் மக்கள் வாயில் புழங்குவதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. தரை சூடாகி, மேலுள்ள காற்று இலேசாகி, உயர்ந்து மேகமாவதும், உலைக்குள் உப்பு சூடாகி மேலெழுவதும் ஒரே இயக்கம்தான்.

அடுத்து, உப்பு. இங்கே உப்பு என்பது சமையலறை உப்பன்று. லித்தியம் ஃபுளோரைடையும் பெரிலியம் ஃபுளோரைடையும் தக்க விகிதத்தில் கலந்தால் ஏறத்தாழ 459 பாகை செல்சியஸில் உருகும் ஒரு கலவை கிடைக்கிறது. உருகியபின் அது நீர்போல் தெளிந்து நிற்கும். 1,400 பாகையைத் தாண்டிய பின்னரே கொதிக்கும். ஆகையால் 650 பாகை வெப்பத்திலும் அதனைச் சாதாரணக் காற்றழுத்தத்திலேயே குழாய்களில் ஓடவிடலாம். நீரால் குளிரும் அழுத்த உலையில் 320 பாகைக்கே 150 மடங்குக்கும் மேலான காற்றழுத்தம் தேவைப்படுகிறது என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க. மேலும், ஒரு லிட்டர் உப்பு ஒரு பாகை சூடேற ஏற்கும் வெப்பம் ஒரு லிட்டர் நீர் ஏற்பதைவிடச் சற்றே மிகுதி. கல்பாக்கத்தில் 1985 முதல் இயங்கும் வேக ஈனுலையைக் குளிர்விக்கும் திரவச் சோடியமோ அதில் நான்கில் ஒரு பங்குதான் ஏற்கும்.

ஆயினும் சோடியத்துக்கு ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. அது உலோகம். வெப்பக்கடத்தலில் உப்பைப் போல் ஏறத்தாழ 60 மடங்கு திறன் படைத்தது. உப்பில் வெப்பம் துகள்வழிக் கைமாறுவது மிக மெதுவாகவே நடக்கிறது. நகரும் ஓட்டந்தான் அதனைச் சுமந்தாக வேண்டும். ஓட்டத்தின் பாகுத்தன்மை ஒரு புறமும் வெப்பக்கடத்தல் மறுபுறமும் எவ்விகிதத்தில் நிற்கின்றன என்பதைப் பிராண்டல் எண் என்ற ஒற்றை எண் காட்டும். சோடியத்துக்கு அது 0.005 அளவு, அறைவெப்ப நீருக்கு 7, நாம் கூறிய உப்புக்கு 650 பாகையில் ஏறத்தாழ 15. எண் பெருகப் பெருக, குழாய்ச் சுவரை ஒட்டி மெல்லப் படரும் அடுக்கே வெப்பத்துக்கு முதன்மைத் தடையாகிறது. நடுக்குழாயில் எவ்வளவு கொந்தளிப்பு இருந்தாலும் வெப்பம் அந்த ஒட்டடுக்கைக் கடந்தே தீர வேண்டும். அதனைக் கடக்கும் வேகத்தை முடிவு செய்வது உப்பின் வெப்பக்கடத்துதிறன்.

சிக்கல் அந்த எண்ணில்தான் இருந்தது.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் இருக்கிறது. அங்கே ஆல்வின் வைன்பெர்க்கின் தலைமையில் கட்டப்பட்ட உருகுஉப்புச் சோதனை உலையில், 1965 சூன் 1ஆம் நாள் தொடர்வினை தொடங்கியது. எரிபொருளான யுரேனியம் உப்பிலேயே கரைந்திருந்தது. திடமான எரிபொருள் கோல்கள் இல்லை. எரிபொருள் உப்பு உலையில் சூடேறி வெப்பமாற்றிக்கு வரும். அங்கே தன் வெப்பத்தை மற்றோர் உப்புக்குக் கொடுக்கும். அவ்வுப்பு வெப்பத்தை விசிறிக்காற்றில் விட்டுவிட்டுத் திரும்பும். மின்சாரம் எடுப்பது நோக்கமன்று. 10 மெகாவாட் வெப்பத்துக்கென வரைந்த அவ்வுலை 8 மெகாவாட்டுக்கு மேல் ஏற மறுத்தது. கடைசியில் காற்றுக்கு வெப்பத்தை விடும் பகுதி எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்யாததே அவ்வரம்புக்குக் காரணம். ஆனால் அளவீடுகளைக் கூர்ந்து நோக்கியபோது, உப்பும் உப்பும் சந்திக்கும் முதன்மை வெப்பமாற்றியும் கணக்கிட்டதைவிடக் குறைவாகவே வெப்பத்தைக் கடத்துவது தெரிந்தது.

வெப்பமாற்றியில் பழுதில்லை, குழாய்களில் படிவும் இல்லை. உப்பின் இயல்புகளை மீண்டும் அளந்தபோதுதான் விடை கிடைத்தது: வடிவமைப்புக்கு எடுத்துக்கொண்ட வெப்பக்கடத்துதிறன் உண்மையைப் போல் மூன்று மடங்காக இருந்திருக்கிறது. திருத்திய எண்ணைப் போட்டுப் பார்த்தபோது பழைய சூத்திரங்களே சோதனையோடு ஒத்துப்போயின. இயற்கை விதி எதுவும் பொய்க்கவில்லை. அட்டவணையில் ஓர் எண் பொய்த்திருந்தது. உலை இயங்கிய ஆண்டுகள் முழுதும் அவ்வெப்பமாற்றியின் திறன் குன்றாமல் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

அறிவாளிகள் நிறைந்த ஆய்வகத்தில் இவ்வளவு பெரிய பிழை எப்படி நேர்ந்தது? ஒரு திரவத்தின் வெப்பக்கடத்துதிறனை அளப்பது தோற்றத்தில் எளிது. ஒரு பக்கம் சூடேற்றி, மறுபக்கம் எவ்வளவு வெப்பம் வந்து சேர்கிறது என்று பார்க்க வேண்டும். ஆனால் திரவம் அசையாமல் நின்றால்தான் அவ்வளவு செல்லுபடியாகும். வெப்பநிலையில் சிறு வேறுபாடு வந்தாலே திரவம் தானாக நகரத் தொடங்கும். அந்த நகர்வு சுமந்துவந்த வெப்பமும் கடத்தலின் கணக்கில் சேர்ந்துவிடும். உருகிய உப்போ கண்ணாடிபோல் ஒளிபுகும் பொருள். 600, 700 பாகையில் சுடர்விடும் சுவரிலிருந்து கதிர்வீச்சும் உப்பை ஊடுருவி மறுபக்கம் போய்ச் சேரும். கடத்தல் என்று எண்ணி அளந்ததில் சலனமும் கதிர்வீச்சும் ஒளிந்திருந்தன. மேலே நாம் பிரித்து வைத்த மூன்று சொற்களையும் சோதனைக்கூடத்தில் பிரிப்பது அவ்வளவு அரிது.

இது ஓக் ரிட்ஜில் ஓர் உப்புக்கு மட்டும் நேர்ந்ததன்று. லித்தியம், சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றின் ஃபுளோரைடுகள் கலந்த இன்னோர் உப்புக்கு 1950களில் குறித்த மதிப்பு, ஒரு மீட்டருக்கு ஒரு பாகைக்கு 4.5 வாட். இன்று ஏற்கப்படும் மதிப்பு 1 வாட்டுக்கும் குறைவு. அப்பழைய எண்ணை நம்பிப் பிற்காலத்தில் தம் சோதனை முடிவுகளைப் படித்தவர்கள், இவ்வுப்பு வழக்கமான சூத்திரங்களுக்கு அடங்காத புதிர் என்று எழுதினர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தினர் அப்பழைய தரவுகளைத் திருத்திய எண்களைக் கொண்டு மறுபடி கணக்கிட்டு 2009இல் வெளியிட்டபோது, புதிரில் பெரும்பகுதி கரைந்து போயிற்று. நூலகத்தில் கிடந்த தரவுகளும் சரியான ஓர் எண்ணும் சேர்ந்து, ஒரு புதிய சோதனைக்குச் சமமான பயனைத் தந்தன.

எல்லாப் புதிர்களும் அவ்வாறு கரைந்துவிடவில்லை. 1955இல் ஓக் ரிட்ஜின் ஹாஃப்மன், லோன்ஸ் ஆகியோர் அவ்வுப்பை வெவ்வேறு உலோகக் குழாய்களில் ஓடவிட்டனர். நிக்கல் குழாயில் கிடைத்த வெப்பமாற்றம் இன்கோனல் என்னும் கலப்புலோகக் குழாயில் கிடைக்கவில்லை. இன்கோனலில் உள்ள குரோமியம் உப்போடு சேர்ந்து, சுவரின் உட்புறத்தில் மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. பாயசம் அடிப்பிடித்த பாத்திரத்தை நினைத்துக்கொள்ளலாம்; அடியில் ஒட்டிய படலம் தடுப்பதால் அடுப்பின் சூடு மேலே வரத் தாமதமாகிறது. ஒரே உப்பு, இருவேறு குழாய்கள் என்னும் ஒப்பீட்டுக்கு அந்தத் தவறான எண் தேவையே படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல சோதனையின் அழகு இதில் இருக்கிறது: அட்டவணை பொய்த்தாலும் அது தன் சாட்சியத்தை இழப்பதில்லை.

இத்தகைய சோதனைகளைச் செய்வோர் படும் பாட்டைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். ஃபுளோரைடு உப்பில் சிறிதளவு ஈரம் கலந்தாலும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டாகிக் குழாயை அரிக்கும். ஆகவே உப்பை ஆர்கான் வாயு நிரம்பிய பெட்டிக்குள் வைத்தே கையாளுகின்றனர். பெரிலியத் தூள் மூச்சில் கலந்தால் நுரையீரலுக்குக் கேடு. குழாய் முழுவதும் மின்சூடேற்றிக் கம்பிகளைச் சுற்றிவைத்து, உப்பை விடுமுன்பே உருகுநிலைக்கு மேல் சூடாக்க வேண்டும். ஒரு வளைவில், ஒரு வால்வில் மட்டும் சூடு குறைந்தாலும் உப்பு அங்கேயே உறைந்து வழியை அடைத்துவிடும். நீரை வைத்து ஒரு மாதத்தில் முடியும் வேலைக்கு உப்பில் ஓராண்டு ஆனாலும் வியப்பதற்கில்லை.

இந்தியாவில் இவ்வகை ஆய்வுக்குத் தூண்டுதல் தமிழ்நாட்டு மணலிலேயே தொடங்குகிறது எனலாம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் கனிமமும், அதனுள் தோரியமும் உண்டு. தோரியத்தை உப்பில் கரைத்தே எரிக்கலாம் என்பதால் மும்பையின் டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் உருகுஉப்பு உலையொன்றின் கருத்துருவை வகுத்தது. அதற்குத் துணையாக உருகிய உப்பு தானாகச் சுற்றிவரும் குழாய்ச்சுற்று ஒன்றையும் அமைத்தது. சோடியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் நைட்ரேட்டும் 60க்கு 40 என்ற எடைவிகிதத்தில் கலந்த உப்பு அதில் ஓடியது. சூரிய வெப்ப மின்நிலையங்களில் பயன்படும் அதே கலவைதான். ஃபுளோரைடைவிடக் கையாள எளிது.

அச்சுற்றில் பம்பு கிடையாது. ஒரு பக்கம் சூடேற்ற, உப்பு இலேசாகி மேலெழும். மறுபக்கம் குளிர, கனத்துக் கீழிறங்கும். அடர்த்தியின் சிறு வேறுபாடே ஓட்டம் முழுவதையும் நடத்துகிறது. இதில் இவ்வளவு அக்கறை ஏன்? அணுவுலையை நிறுத்திய பின்னும் பிளவில் உண்டான பொருள்கள் சிதைந்துகொண்டே வெப்பம் தருகின்றன. நிறுத்திய கணத்தில் அது முழுத்திறனில் 6 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். ஒரு நாள் கழிந்தும் முற்றும் தணியாது. 2011இல் ஃபுகுஷிமாவில் மின்சாரம் அற்றுப் பம்புகள் நின்றபின் எரிபொருளை உருக்கியது இந்த மிச்ச வெப்பமே. பம்பும் மின்சாரமும் இல்லாமலே அதனை அகற்ற முடியும் என்று ஓர் உலை உறுதி கூறினால், அவ்வுறுதிக்கு அடிப்படை வெப்பச்சலனம்தான். டிராம்பே ஆய்வாளர்கள் ஓட்டம் நின்ற நிலையிலிருந்து அது தானே தொடங்குவதையும், சூடேற்றியைத் திடீரென நிறுத்துவதையும், குளிர்விக்கும் பக்கத்தைத் துண்டிப்பதையும் செய்துபார்த்துக் கணினிக் கணக்கோடு ஒப்பிட்டனர். விபத்து நாளில் கேட்கப்படும் கேள்விகளை முன்கூட்டியே உப்பிடம் கேட்பது போன்றதுதான் இது.

ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. குழாய்ச்சுற்றில் வெப்பம் சுவரிலிருந்து உப்புக்குள் செல்கிறது. எரிபொருள் கரைந்த உப்பிலோ வெப்பம் உப்பின் ஒவ்வொரு துளியிலும் பிறக்கிறது; சுவர் உப்பைவிடக் குளிர்ந்தே இருக்கலாம். அந்நிலையில் தானாகச் சுழலும் ஓட்டம் நிலையாக இருக்குமா, தள்ளாடுமா, திசை மாறுமா? இத்தாலியின் மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ‘டைனஸ்டி’ என்னும் சுற்றை இதற்கென்றே கட்டியது. குழாய் நெடுகிலும் சூடேற்றிகளைச் சுற்றி, வெப்பம் எங்கும் பிறப்பது போன்ற நிலையை உண்டாக்குவது அதன் உத்தி.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் வேறொரு வழி கண்டனர். டௌதெர்ம் என்னும் வெப்ப எண்ணெய், ஏறத்தாழ 100 பாகையில், 650 பாகை உப்பின் பிராண்டல் எண்ணையே ஒட்டி நிற்கிறது. ஆகவே சிறிய குழாய்களில் எண்ணெயை ஓட்டியே பெரிய உப்பு உலையின் ஓட்டத்தைப் பார்க்கலாம். சாதாரண எஃகு போதும். ஆர்கான் பெட்டி வேண்டா. பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அருகில் நின்று வேலை செய்யலாம். இது மிகச் சிக்கனமான அறிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் எண்ணெய் உறையாது, அரிக்காது, 100 பாகையில் கதிர்வீச்சும் பொருட்டாகாது. முன்பு அட்டவணையைக் கெடுத்தது கதிர்வீச்சு. குழாயைக் கெடுத்தது குரோமியப் படலம். எண்ணெய்ச் சோதனையில் இரண்டுமே கண்ணில் படமாட்டா. எண்ணெய் முடிவுகளைப் பாதி விடையாகவே கொள்ளவேண்டும் என்பது எங்கள் கருத்து.

மறுபாதிக்கு உண்மை உப்புதான் வேண்டும். சீனாவின் கான்சு மாநிலத்தில் 2 மெகாவாட் வெப்பத்திறன் கொண்ட தோரிய உருகுஉப்புச் சோதனை உலையில் 2023 அக்டோபரில் தொடர்வினை தொடங்கி, 2024 சூனில் முழுத்திறன் எட்டப்பட்டது. ஓக் ரிட்ஜ் உலை 1969 டிசம்பரில் நின்றபின் அரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி விழுந்திருந்தது.

அந்த ஓக் ரிட்ஜ் உப்பு நின்றபின்பும் பாடம் நடத்தியது. அது தொட்டிகளில் உறைந்து கிடந்தது. சூடான உப்பில் கதிர்வீச்சால் பிரியும் ஃபுளோரின் உடனே மீண்டும் சேர்ந்துவிடும். குளிர்ந்த உப்பில் அது வாயுவாக வெளியேறும். ஆகவே சில காலம் ஆண்டுக்கொருமுறை உப்பை உருகாத அளவுக்குச் சூடேற்றி வந்தனர். பின்னர் அவ்வழக்கம் நின்றது. ஃபுளோரினோடு யுரேனியமும் வாயுவடிவில் தொட்டியை விட்டு நகர்ந்து, குழாய்களில் சேர்ந்திருப்பது 1994இல் தெரியவந்தது. தூய்மைப் பணிக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. வெப்பத்தை அகற்றும் கணக்கையே எப்போதும் பேசும் துறையில், வெப்பம் போதாமையால் வந்த தொல்லை இது.

சிங்கப்பூரில் இன்று செய்யக்கூடியது எது என்று கேட்டால், ஃபுளோரைடு உலையன்று. எண்ணெய்ச் சுற்றோ, நைட்ரேட் சுற்றோ ஒரு பல்கலைக்கழகக் கூடத்துக்குள் அடங்கும். அதன்முன் நின்று வெப்பநிலைமானி காட்டும் எண்ணை ஐயுற்றுப் பழகிய இளைஞர், பின்னொரு நாளில் உலை விற்க வருவோரின் கோப்பில் வெப்பக்கடத்துதிறன் என்ற வரியைக் கண்டதும் அடுத்த வரிக்குத் தாவமாட்டார். அந்த எண்ணை எந்த ஆண்டில், எந்தக் கருவியால் அளந்தார்கள், சலனத்தையும் கதிர்வீச்சையும் எவ்வாறு விலக்கினார்கள், எந்த உலோகக் குழாயில் ஓட்டிச் சரிபார்த்தார்கள் என்று கேட்பார். விடை கைக்கு வரும்வரை மற்றப் பக்கங்களைப் புரட்டமாட்டார்.